சரளைப் பாதையில் கறுப்புச் சிப்பாய்கள்

காட்டுக்குள் போகும் சரளைப் பாதையில் சைக்கிள் மிதிப்பது இப்போது அமெரிக்காவில் பலருக்குப் பெரிய விருப்பமாகியிருக்கிறது. தார் ரோட்டில் காருக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கிச் சலித்தவர்கள், மரம் வெட்டி இறக்குவதற்காகக் காட்டுக்குள் போட்ட கப்பி ரோடுகளைத் தேடிப் போகிறார்கள். அகலமான டயர், ஹேண்டில்பாரில் கட்டிய படுக்கைச் சுருட்டு, இரண்டு நாள் சாப்பாடு. மொன்டானா மாநிலத்து மிசௌலா நகரிலிருந்து இயங்கும் ஒரு சைக்கிள் சங்கம், மலைமுதுகை ஒட்டியே மெக்சிகோ எல்லைவரை போகிற ஒரு நெடும்பாதைக்கு 1990களில் வரைபடம் போட்டது. அதில் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான். போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்: அமைதி.

இந்த அமைதி யாருடையது, யார் செய்து கொடுத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மொன்டானாவின் ஹெலனா நகருக்கு மேற்கே மல்லன் கணவாய் இருக்கிறது. மேற்கே விழுகிற மழை பசிபிக் கடலுக்கும், கிழக்கே விழுகிற மழை மிசௌரி ஆற்றுக்கும் பிரிகிற மேடு. 1859க்கும் 1862க்கும் இடையில் ஜான் மல்லன் என்ற ராணுவ அதிகாரி போட்ட 624 மைல் ரோடு இந்தக் கணவாய் வழியாகத்தான் போனது. என் அண்ணன் மகன் அந்தப் பக்கம் வேலையில் இருக்கிறான். போன வருஷம் இந்தக் கணவாயில் சைக்கிளில் ஏறி இறங்கிவிட்டு போன் போட்டான். "சித்தப்பா, ஒரு ஈ காக்கா இல்ல. பைன் மரமும் நம்ம டயர் சத்தமும்தான். எதுத்தாப்புல ஒரு பிக்கப் வண்டி மெதுவா வந்துச்சு. அப்பந்தான் பயமா இருந்துச்சு." மரத்துக்கும் கரடிக்கும் வராத பயம் மனுசனைப் பார்த்ததும் வருகிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவனுக்கு நான் சொன்ன கதைதான் இது. 1897 ஜூனில் இதே கணவாயைப் பனிக்கும் குளிருக்கும் நடுவே இருபது கறுப்புச் சிப்பாய்கள் சைக்கிளோடு கடந்தார்கள்.

அவர்கள் 25ஆம் காலாட்படைக்காரர்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த பிறகு, அமெரிக்க ராணுவம் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிவைத்த நான்கு படைப்பிரிவுகளில் ஒன்று. சிப்பாய் கறுப்பன், அதிகாரி வெள்ளையன். சேரி மாதிரிதான், ராணுவத்துக்குள்ளே ஒரு சேரி. 1888இல் இவர்களை மிசௌலா கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே வந்து சேர்ந்தவர் லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் 1894 வகுப்பில் கடைசி ரேங்க். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நம்ம ஊரில் சொல்வோமே, கடைசியில் தேறிய வெள்ளை அதிகாரிக்குக் கறுப்புப் படைதான் அந்தக் காடு.

மாஸுக்கு சைக்கிள் பைத்தியம். குதிரைக்குப் புல் வேணும், தண்ணி வேணும், நோய் வரும், சாகும். சைக்கிளுக்கு எதுவும் வேண்டாம். படைத்தலைவர் நெல்சன் மைல்ஸுக்கும் இதில் நாட்டம் இருந்தது. 1896இல் அனுமதி கிடைத்தது, ஸ்பால்டிங் கம்பெனி சைக்கிள்களைக் கொடுத்தது. எட்டுச் சிப்பாய்களோடு தொடங்கினார் மாஸ். முதலில் ஆகஸ்டில் மெக்டொனால்டு ஏரிக்குப் போய்த் திரும்பிய 126 மைல். அடுத்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய்த் திரும்பிய ஏறத்தாழ 800 மைல்.

அதே 1896 மே மாதத்தில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில், ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி வைப்பது சட்டப்படி சரி என்று தீர்ப்பு எழுதியது. ரயிலில் சேர்ந்து உட்காரக் கூடாது. சைக்கிளில் ஏறி ராணுவத்துக்காக மலை தாண்டலாம்.

யெல்லோஸ்டோனில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. மினெர்வா மொட்டைப் பாறை அடுக்குகளின் மேல் எட்டுப் பேரும் சைக்கிளோடு வரிசையாக நிற்கிறார்கள். வெந்நீர் ஊற்று வழிந்து வழிந்து படிக்கட்டு மாதிரி உறைந்த வெள்ளைச் சுண்ணாம்பு. எடுத்தவர் ஹேன்ஸ் என்ற பிரபல போட்டோகிராபர். இந்தப் படத்தை எத்தனையோ சைக்கிள் புத்தகங்களில் போட்டுவிட்டார்கள். அழகான படம்தான். ஆனால் அந்த வெள்ளைப் பாறை அவ்வளவு வெறுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1872இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோன் பூர்வகுடிகளை வெளியேற்றினார்கள். காட்டைக் காலி பண்ணிவிட்டுப் பிறகு அதற்கு அமைதி என்று பேர் வைப்பது. நம்ம மலைகளில் புலிக் காப்பகம் வரும்போதெல்லாம் பழங்குடிகளிடம் 'கீழே எறங்கு' என்று சொல்வதும் இந்த வகைதான்.

சிப்பாய்களையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது. மிசௌலா கோட்டை 1877இல் எழுந்ததே பூர்வகுடிகளை அடக்கிவைக்கத்தான். 1892இல் இடாஹோவில் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தை அடக்கவும், 1894 ரயில்வே வேலைநிறுத்தத்தில் தண்டவாளத்தைக் காவல் காக்கவும் 25ஆம் படையைத்தான் அனுப்பினார்கள். ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து இன்னொரு ஒடுக்கப்பட்டவன் முன்னால் நிறுத்துவது ஆள்கிறவனுக்குப் பழைய வித்தை. மகர்களும் பறையர்களும் கம்பெனிப் படையில் யாருக்காக யாரைச் சுட்டார்கள் என்று நம்மிடமும் கேட்பார்கள். கேட்கட்டும். சிப்பாய் வேலை நமக்குச் சோறும் படிப்பும் கொடுத்தது, அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். வேலை முடிந்ததும், இனி மகர்கள் வேண்டாம் என்று 1890களின் தொடக்கத்தில் அதே பிரிட்டிஷார் கதவைச் சாத்தியதும் வரலாறுதான்.

1897க்கு வருவோம். இந்தத் தடவை இருபது சிப்பாய்கள், மாஸ், கென்னடி என்ற டாக்டர், எட்வர்ட் பூஸ் என்ற இளம் பத்திரிகையாளர். ஜூன் 14 அன்று மிசௌலாவிலிருந்து கிளம்பினார்கள். போய்ச் சேர வேண்டியது மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ். 1,900 மைல், நம் கணக்கில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வெறும் சைக்கிள் பதினாலரைக் கிலோ. போர்வை, பாதிக் கூடாரத் துணி, சாப்பாடு, பாத்திரம் எல்லாம் கட்டினால் இருபத்தேழு கிலோ. அதுபோகத் தோளில் நாலரைக் கிலோ துப்பாக்கி, இடுப்பில் ஐம்பது தோட்டா. கியர் கிடையாது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளணும்.

பாதை என்று சொல்கிறோமே தவிர அது பாதையே இல்லை. முதல் நாளிலேயே மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர்க் களிமண் கரிசல் மாதிரி. சக்கரத்தில் ஒட்டி, போர்க்கில் அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு நாலு சுற்றுப் போனால் மறுபடி அடைக்கும். அப்புறம் சைக்கிள் ஆளைச் சுமக்காது, ஆள்தான் சைக்கிளைச் சுமக்கணும். ரோடு கைவிட்ட இடத்தில் ரயில் பாதையில் ஏறினார்கள். தண்டவாளத்துக்கு நடுவே சல்லியும் ஸ்லீப்பர் கட்டையும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குலுக்கல், மைல்கணக்கில். தண்டவாளத்துச் சல்லியில் சைக்கிள் உருட்டிப் பார்த்தவர்களுக்கு அது முதுகெலும்பில் என்ன செய்யும் என்று தெரியும். ரிம் உருக்கில் செய்ததாக இருந்ததால் பிழைத்தது.

பழுது பார்க்க ஜான் ஃபின்ட்லி இருந்தார். ராணுவத்துக்கு வருமுன்னே சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பஞ்சர் ஒட்டுவது, செயின் பூட்டுவது, வளைந்த பெடலை நிமிர்த்துவது எல்லாம் அவர் கையில். மாஸ் பேரைச் சொல்கிற அளவுக்கு ஃபின்ட்லி பேரை யாரும் சொல்வதில்லை. அந்த ஊர்வலத்தை நகர்த்தியது மெக்கானிக்கின் கைதான் என்பது என் அபிப்பிராயம்.

மொன்டானா தாண்டி, குரோ பூர்வகுடிகளின் ஒதுக்கு நிலம் வழியாக வயோமிங். பிறகு நெப்ராஸ்காவின் மணல்மேடுகள். இதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கணுக்கால் புதைகிற மணல், கொளுத்துகிற வெயில், உப்பும் காரமும் கலந்த தண்ணீர். குடித்தவர்களுக்கெல்லாம் வயிறு கெட்டது. மாஸ் படுத்துவிட்டார். அவரை ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு மற்றவர்கள் மிதித்தார்கள். அடிமை முறை இருந்த மாநிலமான மிசௌரிக்குள் நுழைந்ததும் மனுசர்கள் முகம் மாறியது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள், தங்க இடம் தர மறுத்தவர்களும் இருந்தார்கள். ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தார்கள். மொத்தம் 41 நாள். சைக்கிளில் போன நாட்களை மட்டும் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஐம்பது மைலுக்கு மேல். ஆயிரக்கணக்கான ஜனம் வந்து பார்த்தது. திரும்பும்போது ரயில்.

இந்தப் பயணத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி இரண்டு வெள்ளையர் எழுதியது: மாஸின் அறிக்கை, பூஸின் பத்திரிகைச் செய்தி. இரண்டையும் படித்தால் சிப்பாய்கள் பொறுமைசாலிகள், சிரித்த முகக்காரர்கள். மூட்டை தூக்குகிறவனைப் பற்றி எழுதுகிற எஜமானன் எப்போதும் இப்படித்தான் எழுதுவான். அதற்காக, அவர்களை வதைபட்டவர்களாக மட்டும் பார்க்கிறதிலும் எனக்குச் சம்மதமில்லை. தாமாக முன்வந்தவர்களிலிருந்துதான் ஆள் எடுத்தார்கள். கோட்டைக்குள் அணிவகுப்பும் காவலும் சமையலுமாகக் கிடந்த ஆளுக்கு, சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஊரைவிட்டு வெளியே காற்று வாங்கப் போவதில் ஒரு சந்தோஷம் இருக்காதா?

இருக்கும். எனக்குத் தெரியும். எங்கய்யா முகத்தில் பார்த்திருக்கிறேன்.

எங்க ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம். பேர் வேண்டாம். எங்க தெருவிலிருந்து டவுனுக்கு இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாகத் தார் ரோடு, இரண்டு மைல். ஊர்த்தெரு தொடங்குகிற ஆலமரத்தடியில் சைக்கிளைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்து, கடைசி வீடு தாண்டுகிறவரை தள்ளிக்கொண்டு போகணும். மறந்து ஏறி உட்கார்ந்தால் திண்ணையிலிருந்து "ஏலே, எறங்குல" என்று சத்தம் வரும். சத்தம் கொடுக்கிறது பத்து வயசுப் பையனாகவும் இருக்கும். இன்னொரு வழி, காட்டிலாகா ஜீப் போவதற்காக மலையை ஒட்டிப் போட்ட சரளைப் பாதை. ஐந்து மைல் சுத்து. சரளை பரப்பியது எங்க சனம்தான், எங்கம்மா கூடை சுமந்திருக்கிறா. ஐயா அந்த வழியாகத்தான் போவார். "எறங்கித் தள்ளுததுக்குச் சுத்திப் போயிரலாம்ல" என்பார்.

முன்னால் பாரில் என்னை உட்காரவைத்துக்கொண்டு போவார். தேக்கங்கூப்பு வந்ததும் பாட்டு வந்துவிடும். ஆளே இல்லாத ரோட்டில் சும்மா சும்மா பெல் அடிப்பார். யானை இறங்குகிற இடம். பயமில்லையா ஐயா என்று கேட்டேன். "ஆனை எறங்குன்னு சொல்லாதுல" என்றார். அந்தக் காட்டுப் பாதையில் அமைதி என்றால் எங்களுக்கு அதுதான் அர்த்தம், இறங்கச் சொல்ல ஆள் இல்லை. தென்மாவட்டத்தில் எத்தனையோ ஊரில் நம்ம ஆட்களுக்கு இப்படி ஒரு சுத்துப் பாதை இருந்திருக்கிறது. பிறகு எங்க ஊர்ப் பையன்கள் ஊர்த்தெருவிலேயே சைக்கிள் ஓட்டினார்கள். அடி விழுந்தது, கேஸ் ஆனது, திரும்பவும் ஓட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரமாயிரமாக சைக்கிள் கற்றுக்கொண்டபோது, அதன் அருமை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அம்பேத்கர் தன் வாழ்க்கையிலிருந்தே எழுதியிருக்கிறார். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்கக் கோரேகானுக்குப் போகும்போது, தீண்டாதார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் ஓட்ட மறுக்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவன் கூட நடந்து வருகிறான். 1929இல், பாரிஸ்டர் ஆன பிறகு, சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரன் ஓட்ட மறுத்ததால் பழக்கமில்லாத ஆள் ஓட்டி, விபத்தாகிக் கால் ஒடிகிறது. இதே அம்பேத்கர் 1946இல் கறுப்பர் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டு பாய்ஸ் பதிலும் எழுதினார். மொன்டானாக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிற தோழர்கள் அந்தக் கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பயணத்தில் சிப்பாய்களுக்கு மூத்தவர் சார்ஜன்ட் மிங்கோ சாண்டர்ஸ். தென் கரோலினாக்காரர், 1881இல் படையில் சேர்ந்தவர், வெடிவிபத்தில் ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர். அந்தக் கண்ணோடுதான் 1,900 மைல். மாஸ் அடுத்த வருஷம் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகலாம் என்று கேட்டார், மேலிடம் மறுத்தது. 1898இல் ஸ்பெயினோடு போர் வந்ததும் 25ஆம் படையை கியூபாவுக்கு அனுப்பினார்கள். சைக்கிள் படை அதோடு சரி. கியூபாவில், பசித்திருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டின் வெள்ளைப் படைக்குத் தங்கள் பிஸ்கட்டைப் பங்கிட்டுக் கொடுத்ததாக சாண்டர்ஸ் பின்னாளில் சொன்னார்.

1906 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்து பிரவுன்ஸ்வில் ஊரில், நடுராத்திரியில் துப்பாக்கிச் சூடு. ஒரு வெள்ளையன் செத்தான், ஒரு போலீஸ்காரனுக்குக் காயம். பக்கத்துக் கோட்டையில் இருந்த 25ஆம் படைக்காரர்கள்தான் சுட்டார்கள் என்று ஊர் சொன்னது. அந்த நேரத்தில் சிப்பாய்கள் கோட்டைக்குள் இருந்தார்கள் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். விசாரணை மன்றம் கிடையாது, தண்டிக்கப்பட்டவர் ஒருத்தரும் கிடையாது. குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று 167 பேரையும் மொத்தமாக வெளியேற்றினார் ஜனாதிபதி. பிஸ்கட் தின்ற அதே ரூஸ்வெல்ட். நவம்பர் தேர்தல் முடிந்து, கறுப்பர் வாக்கு பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உத்தரவு வெளியானது. ஒருவன்மேல் பழி வந்தால் தெருவையே கொளுத்துகிற நியாயம் இது. கொடியன்குளத்தை 1995இல் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த 167இல் சாண்டர்ஸும் உண்டு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், பென்ஷன் எட்டுகிற தூரத்தில் இருந்தது. 1907இல் செனட் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னார். நம்ம இதழ்களில் வாக்குமூலம் என்று எழுதுகிறோமே, அப்படி அரசாங்கக் காகிதத்தில் பதிந்த அவருடைய சொந்தக் குரல் அது. பிற்பாடு பதினான்கு பேரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் சாண்டர்ஸ் இல்லை. 1929இல் செத்துப்போனார். 1972இல்தான் ராணுவம் அந்த உத்தரவைத் திருத்தி, எல்லாருக்கும் மரியாதையான விடுவிப்பு என்று எழுதிக்கொடுத்தது. அப்போது டோர்சி வில்லிஸ் உயிரோடு இருந்தார். மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மற்றவர் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர். 1973இல் அவருக்கு 25,000 டாலர் கொடுத்தார்கள்.

ரோடு கதையும் பாக்கி இருக்கிறது. அமெரிக்காவில் நல்ல ரோடு வேணும் என்று முதலில் கூட்டம் போட்டுக் கேட்டவர்கள் சைக்கிள்காரர்கள்தான். 1880இல் தொடங்கிய அமெரிக்க சைக்கிளோட்டிகள் சங்கம் துண்டறிக்கை போட்டு, பத்திரிகை நடத்தி, நெருக்கி, 1893இல் அரசாங்கம் ரோட்டுக்கென்று ஒரு அலுவலகமே திறந்தது. அடுத்த வருஷமே, 1894இல், லூயிவில் மாநாட்டில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று அந்தச் சங்கம் விதி எழுதியது. ரோடு போட்டது யார்? தெற்கே ஜார்ஜியா மாநிலம் 1908இல் கைதிகளைத் தனியாருக்குக் குத்தகை விடுவதை நிறுத்திவிட்டு, ரோடு போட அனுப்பியது. காலில் சங்கிலி, கையில் சம்மட்டி. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், அற்பக் குற்றம் சுமத்தி உள்ளே தள்ளப்பட்டவர்கள் அதில் ஏராளம். கல் உடைத்தவன் அந்தக் கல்லின்மேல் சக்கரம் உருட்டச் சங்கத்தில் சேர முடியாது. மேஜர் டெய்லர் என்ற கறுப்பு வீரர் 1899இல் உலக சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தபோதும் விதி விதியாகவே இருந்தது. அதை முறைப்படி நீக்கியது 1999இல்.

1974இல் மொன்டானா பல்கலைக்கழகத்துக் கறுப்பின ஆய்வு மாணவர்கள் சிலர் மிசௌலாவிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு அந்தச் சிப்பாய்களின் தடத்திலேயே சைக்கிளில் போனார்கள். 2022இல், 125ஆம் ஆண்டில், எரிக் செடேனோ என்ற கறுப்பு சைக்கிள் பயணி தனியாகப் போனார். அதே ஜூன் 14, அதே கோட்டை வாசல். 41ஆம் நாள், ஜூலை 24 அன்று, செயின்ட் லூயிஸில் சைக்கிளைவிட்டு இறங்கினார்.